இருநூறால் பெருக்காதீர்கள்

மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதும் கடைசியில் கேட்பதும் ஒரே கேள்வி: நாளைக்கு எத்தனை லிட்டர்? பதிலாக வருவது எப்போதும் உச்சக் கறவையின் எண். கன்று ஈன்று ஒன்றரை மாதம் போல ஆனபோது, தீவனம் தாராளமாகக் கிடைத்த ஒரு நாளில், இரண்டு வேளையும் சேர்த்துக் கறந்தது. விலை அதன்மேல் பேசப்படுகிறது. கறவைப் போட்டிகளில் பரிசு அதற்கே போகிறது. சினை ஊசி போட வந்தவரிடம் "இந்தக் காளையோட தாய் எத்தனை லிட்டர்?" என்று விசாரிப்பவரும் அதைத்தான் கேட்கிறார். பசுவின் தரம் அதன் உச்சத்தில் இருக்கிறது என்பது தொழுவத்திலும் சந்தையிலும் யாரும் சந்தேகிக்காத நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அதன் வலுவான வடிவிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சம் உயர்ந்த மாடுகள் பொதுவாக ஈற்று முழுவதிலும் அதிகம் கறக்கின்றன. எந்த மந்தையின் பதிவேட்டை எடுத்தாலும் இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு தெரியும். உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் ஈற்றில் ஏறக்குறைய 200 லிட்டர் கூடும் என்று மேலைநாட்டுப் பண்ணை ஆலோசகர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அது பதிவுகளிலிருந்து வந்த சராசரிதான், கற்பனை இல்லை. மேலும், உச்சத்தை அளக்க ஒரு நாளும் ஒரு வாளியும் போதும். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் அதற்குமேல் என்ன கேட்க முடியும்? இந்த மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டி எடுக்கப்படும் முடிவு, அதாவது உச்சம் தெரிந்தால் ஈற்று தெரிந்த மாதிரி, 200-ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்பது, தவறு. பணம் இழக்க வைக்கும் தவறு.

1. முதலில் பெருக்கலையே பார்ப்போம்.

கணக்குக்காக இரண்டு கறவை மாடுகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் மாடு உச்சத்தில் 12 லிட்டர் கறக்கிறது. அதன்பின் மாதத்துக்கு 5 விழுக்காடு வீதம் குறைகிறது. இரண்டாவது உச்சத்தில் 15 லிட்டர். பிறகு மாதத்துக்கு 12 விழுக்காடு வீதம் குறைகிறது. இரண்டுக்கும் இரண்டாம் மாதம்தான் உச்சம். முதல் மாதச் சராசரி முதல் மாட்டுக்கு 11 லிட்டர், இரண்டாவதற்கு 13.5 என்று வைப்போம். மாதத்துக்கு 30 நாளாகப் பத்து மாதம் கறக்கிறோம்.

சந்தைக்குத் தெரிந்த விடை: முதல் மாடு 2400 லிட்டர், இரண்டாவது 3000. மாதம் மாதமாகக் கூட்டினால் கிடைக்கும் விடை: முதல் மாடு 2992, இரண்டாவது 2968. மூன்று லிட்டர் குறைவான உச்சத்தோடு தொடங்கிய மாடு கடைசியில் 24 லிட்டர் அதிகமாகக் கறந்திருக்கிறது. பத்தாம் மாதத்தில் அது இன்னும் 8 லிட்டர் தருகிறது; மற்றது ஐந்தரைக்கும் கீழே வந்துவிட்டது. சந்தையில் இவ்விரண்டுக்கும் ஒரே விலை பேசப்படும் என்று நம்புகிறவர் யாராவது உண்டா?

கவனியுங்கள், இரண்டாவது மாட்டுக்கு 200 ஏறக்குறையச் சரியாக வருகிறது. முதல் மாட்டுக்கு வேண்டியது 249. ஆக, 200 என்பது பசுக்களின் பொதுவிதி அன்று. வேகமாக வற்றும் ஒரு மாட்டின் குணம். அதை எல்லா மாட்டுக்கும் போடும்போது மெதுவாக வற்றும் மாடுகளிடமிருந்து ஐந்தில் ஒரு பங்குப் பாலைக் கணக்கில் திருடிவிடுகிறோம். ஆலோசகர்கள் சொன்னதும் வேறு. கூடுதலாக வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் சராசரியாக இவ்வளவு கூடும் என்றார்கள். ஒரு மாட்டின் மொத்த உச்சத்தை எடுத்துப் பெருக்கச் சொல்லவில்லை. சராசரி மந்தைக்குரியது, கயிற்றைப் பிடித்து ஓட்டிவருவது ஒரு மாட்டை.

2. எந்த உச்சம்?

ஒரே மாடு, ஒரே தீவனம், அடுத்தடுத்த நாட்கள்: கறவை ஒன்றுபோல இருப்பதில்லை. கறப்பவர் மாறினால் குறையும். வெயில் ஏறினால் குறையும். கன்று முட்டிக் குடித்த அளவு வாளியில் வராது. இப்படி ஏறி இறங்கும் எண்களில் மிகப் பெரியதைப் பொறுக்கி "இதுதான் உச்சம்" என்று சொல்லும்போது, மாட்டின் திறனோடு அந்த நாளின் அதிர்ஷ்டத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். அதிர்ஷ்டம் மறுநாள் வருவதில்லை. இந்தக் காரணத்தால்தான் புள்ளியியலாளர் தனி ஒரு நாளை நம்பாமல் எல்லா நாட்களின் ஊடாகவும் ஒரு வளைகோட்டை இழுத்து, அந்தக் கோட்டின் மேட்டை உச்சம் என்கிறார்.

ஈரோடு கருங்கல்பாளையம் போன்ற சந்தைகளில் நிற்கும் மாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேளை கறக்காமல் மடி கட்ட விட்டு ஓட்டிவரும் பழக்கம் வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அளவுகோலை இவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியும் என்று தெரிந்த பிறகும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காதது.

ஈன்ற மாதம் இன்னொன்று. கோடை முற்றும்போது உச்சத்துக்கு வரும் மாடும், மழைக்குப்பின் பசும்புல் இருக்கும்போது உச்சத்துக்கு வரும் மாடும் ஒரே மாடாக இருந்தாலும் இரண்டு எண்களைத் தரும். முதலாவது பின்னால் புல் வரும்போது இறங்காமல் நிற்கும்; இரண்டாவது உயரத்தில் தொடங்கிக் கோடையில் சரியும். உச்சத்தை மட்டும் பார்ப்பவர் இதில் மாட்டைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்க்கிறார்.

3. உச்சமே இல்லாத மாட்டை என்ன செய்வீர்கள்?

1967-இல் இங்கிலாந்தின் பால் விற்பனை வாரியத்தில் பணியாற்றிய வுட், 'நேச்சர்' இதழில் மிகச் சிறிய குறிப்பு ஒன்றை வெளியிட்டார். ஈற்று முழுவதையும் மூன்று எண்களுக்குள் அடக்கலாம் என்றது அது. அந்த எண்களை க, ச, ட என்போம். ஈன்றபின் கடந்த நாட்களின் எண்ணிக்கையை ச என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். நாளுக்கு நாள் ட என்ற வீதத்தில் தேயும் ஓர் எண்ணால் அதைப் பெருக்குங்கள். மாட்டின் பொது அளவைக் காட்டும் க-வால் பெருக்குங்கள். அன்றைய பால் வந்துவிடும். ச ஏற்றத்தை ஆளுகிறது, ட இறக்கத்தை ஆளுகிறது. உச்சம் வரும் நாள், ச-வை ட-வால் வகுத்தால் கிடைக்கும். இதற்கு முன்னால் 1923-இல் அமெரிக்காவின் மிசௌரியில் பிராடியும் அவருடைய தோழர்களும் இறக்கத்தை மட்டும் சமன்பாடாக்கியிருந்தார்கள். வுட்டின் கோடு ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறது.

இந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். ச 0.2, ட 0.004 என்றால் உச்சம் 50-ஆம் நாள். இரண்டையும் பாதியாக்குங்கள்: ச 0.1, ட 0.002. உச்சம் அப்போதும் 50-ஆம் நாளே. உச்சத்தின் உயரமும் 15 லிட்டராக ஒன்றியிருக்கும்படி க-வை மாற்றிக்கொள்ளலாம். இப்போது சந்தையில் வாளியோடு நிற்பவருக்கு இவை இரண்டும் இரட்டை மாடுகள்: உச்சம் ஒன்று, நாளும் ஒன்று. 300-ஆம் நாளில் முதல் மாடு உச்சத்தில் 53 விழுக்காட்டில், அதாவது 8 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இரண்டாவது 73 விழுக்காட்டில், கிட்டத்தட்ட 11 லிட்டரில் நிற்கும். உச்சம் என்ற எண் இந்த வேறுபாட்டைப் பற்றி வாயே திறக்காது.

அதோடு முடியவில்லை. ச எதிர்மறையாக வந்துவிட்டால் உச்சம் என்ற ஒன்றே கிடையாது; ஈன்ற நாள் தொட்டு இறங்குமுகம்தான். இது ஏட்டில் மட்டும் நடக்கிற விந்தை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் மச்சியோட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் சிம்மெண்டால் மாடுகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, பாடநூல் வடிவத்துக்கு அடங்காத வளைகோடுகள் கணிசமாக இருப்பதை 2005-இல் காட்டினார்கள். கன்று இல்லாமல் பால் சுரக்காத நாட்டு மாடுகளில் வடிவம் இன்னும் குழம்பும். இத்தகைய மாட்டிடம் "உன் உச்சம் என்ன?" என்று கேட்டால் கிடைக்கிற விடை, பெரும்பாலும் முதல் வாரத்தில் தற்செயலாகக் கிடைத்த எண்.

4. ஏறுவதும் இறங்குவதும் மடிக்குள் ஒரே வேலை இல்லை.

இதுதான் என் மறுப்பின் மையம். உச்சத்தை வைத்து இறக்கத்தைச் சொல்ல முடிய வேண்டுமானால், ஒன்றை நடத்தும் காரணமே மற்றதையும் நடத்த வேண்டும். மடியில் அப்படி இல்லை. ஈன்ற பின் பால் ஏறுவதற்குக் காரணம், சினைக் காலத்திலேயே பெருகிய சுரப்புச் செல்கள் முழுவேகத்தில் உழைக்கத் தொடங்குவது. உச்சத்துக்குப் பின் ஒவ்வொரு செல்லும் சுரக்கும் அளவு பெரிதாகக் குறைவதில்லை, செல்கள்தாம் குறைகின்றன. இறந்துபோகும் செல்களின் எண்ணிக்கை புதிதாகப் பிறப்பவற்றை மிஞ்சுகிறது. ஹோல்ஸ்டீன் மாடுகளின் மடித் திசுவை ஈற்றின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்து எண்ணிப் பார்த்து கபூக்கோ குழுவினர் 2001-இல் சொன்னது இது.

அப்படியானால் உச்சம் சொல்வது, ஈன்றபோது எத்தனை செல் இருந்தது, எவ்வளவு உழைத்தது என்பதை. நீடிப்பு, அதாவது உச்சத்துக்குப் பின் இறங்காமல் நிற்கும் தன்மை, சொல்வது, அந்தச் செல்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தன என்பதை. மடிநோய் ஒருமுறை வந்து போனால் இரண்டாவது கெடும். உச்சம் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. கறவை முறை சரியில்லாமல் மடியில் பால் தேங்கிக்கொண்டே இருந்தால் இரண்டாவது கெடும். சினை ஐந்தாம் மாதத்தைத் தாண்டினால் பால் தானாகவே குறையத் தொடங்கும்; உச்சத்துக்கு இதுவும் தெரியாது. கேம்பிரிட்ஜின் சாண்டர்ஸ் 1930-லேயே ஈற்றை உச்சம், நீடிப்பு என்று இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் இரண்டை நாம் இன்னும் ஒட்டவைத்துப் பேசுகிறோம்.

தலையீற்றுக் கிடேரிகளின் கதி இங்கேதான் பரிதாபம். அவற்றின் மடி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மடி. உச்சம் தாழ்வாகவும் இறக்கம் மெதுவாகவும் இருப்பது உலகெங்கும் பதிவான இயல்பு. உச்சத்தை வைத்து எடைபோட்டால் எந்தப் பண்ணையிலும் முதலில் விற்கத் தகுந்தவை கிடேரிகள் என்றே விடை வரும். எத்தனை நல்ல கிடேரிகள் இப்படி முதல் ஈற்றிலேயே கைமாறியிருக்கின்றன என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

5. உச்சம் இலவசம் என்று யார் சொன்னது?

பால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் உச்சம் தொடுகிறது. மாட்டின் தீனித் திறன் உச்சம் தொட அதற்குப் பின்னும் சில வாரங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் தருகிறது. இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு எலும்பு தெரியும், கீட்டோன் நோய் எட்டிப் பார்க்கும், பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று அலைகிறவர், பல நேரம் தாம் பெருமைப்பட்ட அதே உச்சத்தின் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தீவனக் கணக்கைப் பாருங்கள். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ தனி என்பது இங்கே வழங்கும் கணக்கு. நாம் முதலில் எடுத்த 15 லிட்டர் மாட்டுக்கு உச்சத்தில் நாளைக்கு ஏழரை கிலோ. 12 லிட்டர் மாட்டுக்கு 6.3 கிலோ. ஈற்று முழுவதற்கும் கூட்டினால் இரண்டுக்கும் தீவனம் ஏறக்குறைய ஒன்றே, பாலும் ஒன்றே. ஆனால் ஒன்று அதைப் பரவலாகத் தின்கிறது. மற்றதற்கு, உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் வாரங்களில் அதிகப்படியாகத் திணிக்க வேண்டியிருக்கிறது. முதல் வயிறு அவ்வளவு மாவைத் தாங்காமல் புளித்துப்போவது அந்த வாரங்களில்தான். அதே தீவனம், அதே பால், கூடுதல் வைத்தியச் செலவு.

6. 305 நாள் யாருடைய நாள்?

உச்சத்தை ஆதரிப்பவர்கள் மொத்தத்தைச் சொல்லும்போதெல்லாம் 305 நாள் ஈற்றைச் சொல்கிறார்கள். ஆண்டுக்கொரு கன்று, இரண்டு மாதம் வற்றுக்காலம் என்ற ஏற்பாட்டிலிருந்து பிறந்த எண் அது. நம் பக்கத்தில் ஈற்றிடைவெளி அதைவிட நீளுவது வழக்கம். சினை தள்ளிப்போய் மேலும் மூன்று மாதம் கறந்தால் முதல் மாடு 647 லிட்டர் கூடுதலாகத் தரும். 15 லிட்டர் மாடு 378 லிட்டர்தான் தரும். தாமதம் என்னும் விபத்துக்கு இழப்பீடு தருவது நீடிப்பு மட்டுமே.

7. "இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, மாடு சூத்திரத்தைப் படித்துவிட்டா கறக்கிறது?"

நையாண்டி நல்லதுதான், ஆனால் 200-ஆல் பெருக்குவதும் சூத்திரமே. அதுவும் ஒரே வடிவத்தை எல்லா மாட்டின் மேலும் திணிக்கும் சூத்திரம். சூத்திரம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே யாரும் வாதாடவில்லை; எந்தச் சூத்திரம் என்பதே வழக்கு.

கல்விப்புலச் சமன்பாடுகளுக்கும் நான் வக்கீல் இல்லை. வுட்டின் கோடு தொடக்க வாரங்களில் பாலை அதிகமாகவும் உச்சத்தின் அருகே குறைவாகவும் காட்டும் என்பது பழைய புகார். 1987-இல் வந்த வில்மிங்கின் சமன்பாடு எளிமையானது, ஆனால் ஏற்றத்தின் வேகத்தை முன்கூட்டியே நிலையான எண்ணாக வைத்துவிடுகிறது. அதே ஆண்டில் அலியும் ஷேஃபரும் ஐந்து எண்கள் கொண்ட கோட்டைத் தந்தார்கள். அது எந்த வடிவத்துக்கும் வளையும், பதிவு குறைவாக இருந்தால் இல்லாத மேடு பள்ளங்களுக்கும் வளையும். ஒரே பண்ணையின் பதிவை எடுத்து நான்கைந்து சமன்பாடுகளைப் பொருத்தி, எது அரைப்புள்ளி அதிகம் பொருந்தியது என்று அறிவித்துவிட்டு எழுந்துபோகும் ஆய்வேடுகள் நம்மிடம் ஏற்கெனவே போதுமானவை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாகக் காட்ட முடிகிறதா என்பதுதான் ஒரு சமன்பாட்டிடம் விவசாயி கேட்க வேண்டியது. அந்தக் கேள்வியில் இவை எல்லாமே தேறுகின்றன. 200 மட்டும் தோற்கிறது.

கனடா 1999-இல் ஈற்று மொத்தத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பரிசோதனை நாளின் பாலையும் நேராக மதிப்பீட்டில் எடுக்கும் முறைக்கு மாறியது. காளைகளுக்கு நீடிப்பைத் தனி மதிப்பாகவும் வெளியிடுகிறார்கள். 60-ஆம் நாள் பாலையும் 280-ஆம் நாள் பாலையும் ஒப்பிடுவது அதன் சாரம். நீடிப்பு ஓரளவு மரபுவழி வருவது. பால் அளவைப்போல அவ்வளவு வலுவாக வராது; ஆனால் தேர்ந்தெடுத்து வளர்க்கும் அளவுக்கு வருகிறது. உச்சத்தை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்பவர், தெரியாமலேயே அதை விட்டுக்கொடுக்கிறார்.

சிறு விவசாயியால் இது ஆகுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கணினி வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், இரண்டு வேளைப் பாலையும் அந்த ஒரு மாட்டுக்குத் தனியாக அளந்து தேதியோடு எழுதினால் போதும். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் சராசரியை இடைப்பட்ட நாட்களால் பெருக்கிக்கொண்டே வந்தால் ஈற்றின் மொத்தம் கிடைக்கும். பால்பதிவு அமைப்புகள் உலகெங்கும் செய்வது இதைத்தான். ஈற்றின் பிற்பாதியில் உள்ள ஓர் அளவை உச்சத்தால் வகுத்தால் நீடிப்பு கிடைக்கும். முதல் எடுத்துக்காட்டில் பத்தாம் மாதத்தில் ஒரு மாட்டுக்கு 66, மற்றதற்கு 36 என்று வந்திருக்கும். இதை எழுதிய ஒரு நோட்டு கையில் இருந்தால், ஐந்தாம் மாதத்தில் ஏழெட்டு லிட்டரில் நிற்கும் மாட்டைத் தரகர் "வத்திப்போச்சு" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்க முடியாது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் அளவு எழுதுகிறார்கள், கொழுப்பு பார்க்கிறார்கள், ஆனால் எல்லாம் உறுப்பினர் பெயரில். இரண்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில் போய்ச் சேர்ந்து ஒரே வரியாகிவிடுகிறது. எது ஏறியது, எது இறங்கியது என்று அந்தப் புத்தகத்திடம் கேட்டுப் பயனில்லை. தனி மாட்டுக்கான அடையாளம் மட்டும் ஏற்கெனவே தயார்: நாடு முழுக்க மாடுகளின் காதில் 12 இலக்க வில்லை போட்டாகிவிட்டது. அதைப் பெரும்பாலும் தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும்தான் வாசிக்கிறார்கள். மாதம் ஒருமுறை, கேனில் ஊற்றுவதற்கு முன்னால், அதே எண்ணுக்கு எதிரே ஒரு லிட்டர் அளவையும் எழுத யாரும் கேட்டபாடில்லை.